பொருள்: தற்சுழற்சியா, தன்னழைப்பா?

வணக்கம். நிரலில் ஒரு செயற்கூறு (function, ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) தன்னையே அழைப்பதை ஆங்கிலத்தில் recursion என்பார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்ற நம் விவாதத்துக்கு என் பதில் இது.

> பாடநூலில் ‘தற்சுழற்சி’ நிலைத்துவிட்டது. இனி எதற்கு இன்னொரு சொல்?

நிலைத்துவிட்டதுதான் சிக்கலே, ஐயா. பதினொன்றாம் வகுப்புக் கணினி நூலில் சுழற்சியும் (iteration, திரும்பத் திரும்பச் செய்தல்) தற்சுழற்சியும் ஒரே பாடத்தில் வருகின்றன. போன வாரம் ஆய்வகத்தில், 5-இன் காரணீயப் பெருக்கத்தை (factorial: 5×4×3×2×1) தற்சுழற்சியில் எழுதச் சொன்னேன். கடைசி வரிசைப் பெண் ஒருத்தி அழகாக ஒரு மடக்கு (loop, சில கட்டளைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) எழுதி, சரியான விடையும் வரவழைத்துவிட்டாள். “சுழற்சி என்றுதானே மிஸ் கேட்டீர்கள்? தானாகச் சுழல்கிறதே!” என்றாள். குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உண்மையில் இங்கே எதுவும் சுழலவில்லை. கரும்பலகையில் ஐந்து பெட்டிகள் வரைந்து காட்டினேன். ஐந்து நான்கைக் கேட்கிறது, நான்கு மூன்றை, மூன்று இரண்டை, இரண்டு ஒன்றை. அதுவரை ஒரு பெருக்கல்கூட நடக்கவில்லை. ஒன்று ‘1’ என்று பதில் சொன்ன பிறகுதான் 2, 6, 24, 120 என்று விடை மேலே ஏறுகிறது. வாளி வெறுமையாகக் கிணற்றில் இறங்கி, நிறைந்து ஏறுவது போல. செயற்கூறு தன்னையே அழைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே ‘தன்னழைப்பு’. புணர்ச்சி தன்னடக்கம் போலத்தான். ‘தன்னழைப்புச் செயற்கூறு’ என்று நீட்டவும் இடம் தருகிறது.

> ‘மறுநிகழ்வு’ போதாதா?

மடக்கிலும் அதுதானே நடக்கிறது?

இறக்கம் நிற்கும் இடத்துக்கும் ஒரு சொல் வேண்டும். வகுப்பில் ‘தரைநிலை’ என்கிறேன். அதை எழுத மறந்தவர்களுக்குப் பைத்தான் நிரல்மொழியே பாடம் நடத்திவிடுகிறது: வழக்கமான அமைப்பில், அழைப்புகளின் ஆழம் 1000-ஐ ஒட்டியதும் பிழை காட்டி நிறுத்திவிடும். “தரை தட்டவே இல்லை மிஸ்” என்று இப்போது பிள்ளைகளே சொல்கிறார்கள்.

நேற்று இந்த விவாதத்தில் ஓர் அம்மா எழுப்பிய தடை வலுவானது. கோப்புறைக்குள் கோப்புறை, மரத்தின் கிளையே இன்னொரு மரம்: இவற்றில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. அங்கே தன்னழைப்பு செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். ‘தன்னுட்பொதிவு’ என்று எழுதிப் பார்த்தேன். மருந்துக்கடைப் பெயர் போல இருக்கிறது. செயற்கூற்றுக்கு ஒரு சொல், தரவமைப்புக்கு ஒரு சொல் என்று பிரிக்கலாமா? இரண்டாவதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.

தேர்வில் மட்டும் ‘தற்சுழற்சி’ என்றே எழுதும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். விடைத்தாளைத் திருத்தப்போவது நான் இல்லையே.