பந்தியில் உட்காராத செல்வி

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்

ஞாயிறு

[இரவு 8:14] ராஜா சித்தப்பா: வளைகாப்பு போட்டோ எல்லாம் போட்டுவிட்டேன். மொத்தம் 62. வந்திருந்து வாழ்த்திய எல்லோருக்கும் நன்றி.

[8:16] பாலா: அப்பா, அதில் நாற்பது உங்கள் செல்ஃபி.

[8:21] ராஜா சித்தப்பா: நீ தோஹாவில் உட்கார்ந்துகொண்டு பேசாதே. ஒன்றுதான் மனசுக்குக் கஷ்டம். செல்வி, வளைகாப்புப் பெண்ணுக்கு வளையல் போட்ட கையோடு கிளம்பிவிட்டாள். தாம்பரத்திலிருந்து ராத்திரி முழுக்க ரயிலில் வந்தவள், பந்தியில் உட்காராமல் போவது என்ன வழக்கம்?

[8:24] முருகன்: அக்கா டயட்டில் இருப்பாள் சித்தப்பா. 31-வது போட்டோவைப் பாருங்கள். டயட் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும்.

[8:25] ராஜா சித்தப்பா: பூசினாற்போல் இருக்கிறாள், நல்லதுதானே. ஆபரேஷன் உடம்புக்கு ஒத்துக்கொண்டது என்று அர்த்தம்.

[8:26] கவிதா: எல்லோரும் கொஞ்சம் சும்மா இருங்கள்.

[8:40] செல்வி அக்கா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[8:47] செல்வி அக்கா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[9:02] செல்வி அக்கா: சித்தப்பா, கோபப்படாதீர்கள். இரண்டு தடவை எழுதி அழித்துவிட்டேன், இந்தத் தடவை அனுப்பிவிடுகிறேன். நான் பந்தியில் உட்காராததற்கு உங்கள் மேல் வருத்தமும் இல்லை, டயட்டும் இல்லை. மண்டபத்தில் பெண்களுக்கு ஒரே ஒரு கழிவறை. அதன் வாசலில் ஏழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

[9:05] செல்வி அக்கா: பித்தப்பையை எடுத்து 14 மாதம் ஆகிறது. அன்றிலிருந்து சாப்பிட்டு அரை மணிக்குள் ஓட வேண்டும். சில நாள் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது. மஞ்சள் தண்ணீராகப் போகும், எரியும். என் கைப்பையின் அடியில் எப்போதும் ஒரு மாற்றுப் பாவாடையும் கேரி பேக்கும் இருக்கிறது. அத்தானைத் தவிர யாருக்கும் தெரியாது.

[9:06] முருகன்: அக்கா

[9:06] முருகன்: சாரி

[9:11] பாலா: எனக்கும் மூன்று வருஷம் முன்பு எடுத்தார்களே அக்கா. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. பத்தாம் நாள் அரபுச் சோறு, மந்தி சாப்பிட்டேன்.

[9:12] ராஜா சித்தப்பா: என்ன மந்தி?

[9:12] பாலா: காய்கறி மந்தி அப்பா.

[9:14] செல்வி அக்கா: இதைத்தான் பாலா எல்லோரும் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர், ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர், எல்லோருக்கும் எடுத்திருக்கிறது, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏதோ மனப்பிரமை என்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

[9:18] கவிதா: கோமதி பெரியம்மா வாய்ஸ் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் இருப்பவர்களுக்காக எழுதிவிடுகிறேன்: “பித்தப்பையே போன பிறகு பித்தம் எங்கிருந்து வரும்? இது வேறு ஏதோ சூடு. இஞ்சியைத் தட்டித் தெளிய வைத்துத் தேன் கலந்து வெறும் வயிற்றில் கொடுங்கள்.”

[9:26] நர்மதா: அம்மா, பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். பை அதைச் சேர்த்து வைக்கும் இடம், அவ்வளவுதான். தொட்டியை எடுத்துவிட்டார்கள், மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை வரும். முன்பு பை அதை வாங்கிக் கெட்டியாக்கி வைத்துக்கொண்டு, நெய்யோ எண்ணெயோ உள்ளே வரும்போது பீய்ச்சிவிடும். இப்போது பகலும் இரவும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

[9:28] நர்மதா: பாலாவுக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அவன் சிறுகுடலின் கடைசிப் பகுதி அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. நிறைய பேருக்கு அப்படித்தான், முதலில் வயிறு இளகினாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். உறிஞ்சாமல் மிஞ்சுவது பெருங்குடலுக்குப் போனால் அங்கே தண்ணீரை இழுக்கும், எரிச்சலும் வரும். அக்கா சொல்வது அப்படியே அதுதான் போல இருக்கிறது. ஆனால் பார்க்காமல் நான் முடிவு சொல்லக்கூடாது. பிரமை இல்லை, அதை மட்டும் அடித்துச் சொல்வேன்.

[9:33] ராஜா சித்தப்பா: *பல முறை பகிரப்பட்டது* பித்தப்பைக் கற்களை வலியின்றி வெளியேற்ற அற்புத வைத்தியம்!!! ஐந்து நாள் ஆப்பிள் சாறு, ஆறாம் நாள் இரவு ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் சம அளவு. காலையில் பச்சைப் பச்சையாகக் கற்கள் விழுவதைக் கண்ணால் காணலாம். 10 பேருக்கு அனுப்பவும்.

[9:34] முருகன்: சித்தப்பா, பையே இல்லை.

[9:35] ராஜா சித்தப்பா: பின்னால் யாருக்காவது உதவும்.

[9:38] நர்மதா: உதவாது சித்தப்பா. அந்தப் பச்சை உருண்டைகளை எடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கல்லே இல்லை. குடித்த எண்ணெய் வயிற்றுக்குள் சோப்பாகத் திரண்டு விழுகிறது. கல் பைக்குள்ளேயே இருக்கும். அவ்வளவு எண்ணெய் குடித்ததில் பை இறுக்கிப் பிடித்து, கல் குழாயில் மாட்டி, ராத்திரி ஒரு மணிக்கு எங்கள் வார்டுக்கு வந்து சேர்வார்கள்.

[9:41] கோமதி பெரியம்மா: வாழைதண்டு

[9:42] நர்மதா: அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்வார்கள் அம்மா. இது வேறு கல். நீங்கள் தூங்குங்கள்.

[9:50] செல்வி அக்கா: முருகா, நீ சொன்ன 31-வது போட்டோவுக்கு வருகிறேன். ஆபரேஷன் அன்று 66 கிலோ. இன்று காலை 77.

[9:51] முருகன்: நான் விளையாட்டுக்குச் சொன்னேன் அக்கா.

[9:58] செல்வி அக்கா: இல்லை, கேள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரே வரி: கொழுப்பைத் தவிர்க்கவும், சிறுகச் சிறுகச் சாப்பிடவும். கேள்வி கேட்க யாரும் நிற்கவில்லை. நான் பயத்தில் தாளிப்பதையே விட்டேன். தேங்காய், முட்டை, மீன் எல்லாம் போனது. வயிற்றை ஒன்றும் செய்யாதது எது என்று தேடித் தேடிக் கண்டுபிடித்தது ரஸ்க். அப்புறம் மாரி பிஸ்கட், குழைந்த சோறு, கஞ்சி, சர்க்கரை தூக்கலாகச் சாத்துக்குடி ஜூஸ். மெடிக்கல் லீவில் ஆறு வேளை சாப்பிட்டேன். சிறு வேளை ஒன்றுகூட இல்லை, ஆறும் முழு வேளை.

[10:03] செல்வி அக்கா: பள்ளி திறந்ததும் இன்னும் மோசம். மின்சார ரயிலில் கழிவறை கிடையாது. தாம்பரத்தில் ஏறிச் சைதாப்பேட்டையில் இறங்கும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதனால் காலையில் ஒரு காப்பி மட்டும், பச்சைத் தண்ணீர்கூட அளந்துதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ரஸ்க் டப்பா கையில் இருக்கும். நின்றுகொண்டே பத்து, பன்னிரண்டு. ஒரு நாள் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றில் 41 கலோரி. அது டிபன்கூட இல்லை, டிபனுக்கு முன்னால் சாப்பிடுவது.

[10:05] செல்வி அக்கா: நடையும் நின்றது. எங்கள் பூங்காவில் கழிவறையை எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள். ஒரு நாள் ஆறரை மணிக்கு அந்தப் பூட்டைப் பிடித்து ஆட்டியிருக்கிறேன். காவலாளி என்ன நினைத்தாரோ. அதோடு ஷூவைப் பரணில் போட்டேன்.

[10:09] கவிதா: மதினி, எங்களிடம் சொல்லியிருக்கலாமே. பொங்கலுக்கு வந்தபோது நான்தான் நெய்யை ஊற்றி ஊற்றி வைத்தேன்.

[10:10] செல்வி அக்கா: ஞாபகம் இருக்கிறது கவிதா. அன்றைக்கு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனதாகச் சொன்னேனே, துணி எடுக்கப் போகவில்லை.

[10:17] நர்மதா: அக்கா, பை போனதற்காக உடம்பில் புதிதாகக் கலோரி முளைக்காது. ஆபரேஷனுக்குப் பின் எடை கூடுகிறவர்கள் இருக்கிறார்கள். வலி போனதும் பிடித்ததை எல்லாம் சாப்பிடுவார்கள், இல்லையென்றால் உங்களைப் போல எண்ணெய்க்குப் பதில் மாவும் சர்க்கரையுமாக மாற்றிக்கொள்வார்கள். உங்களுக்கு எடையைப் பிடித்து இழுப்பதைவிட முதலில் இந்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஓட்டம் நின்றால் ரயில் பயம் போகும், காலையில் சாப்பிடுவீர்கள், ஷூ பரணிலிருந்து இறங்கும்.

[10:18] நர்மதா: தைராய்டுக்கு மாத்திரை போடுகிறீர்களே, கடைசியாக எப்போது டெஸ்ட் பார்த்தீர்கள்?

[10:24] செல்வி அக்கா: ஆபரேஷனுக்கு முன்னால்.

[10:25] நர்மதா: 14 மாதமா!! நாளைக்கே ரத்தம் கொடுங்கள். குடல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். கல்லீரல் டெஸ்டும் ஸ்கேனும் கேட்பார்கள், செய்துகொள்ளுங்கள், குழாயில் கல் ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான். ரத்தம் போவது, ராத்திரி தூக்கத்தைக் கலைத்துக்கொண்டு வருவது உண்டா?

[10:26] செல்வி அக்கா: இல்லை.

[10:27] நர்மதா: நல்லது. கண் மஞ்சளானாலோ, குளிர் காய்ச்சலோடு வலது விலாவுக்குக் கீழ் வலித்தாலோ, சிறுநீர் கறுத்து மலம் சுண்ணாம்பு நிறத்தில் வெளுத்தாலோ அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்காதீர்கள், அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பாலா, உனக்கும் சேர்த்துத்தான்.

[10:31] முருகன்: எடை குறைக்க நான் ஒரு சார்ட் அனுப்பட்டுமா?

[10:32] நர்மதா: முருகா, ரம்யா கல்யாணத்துக்கு முன்னால் அக்கா முதல் மாதமே 8 கிலோ குறைத்தாளே, அந்த சார்ட் யார் கொடுத்தது?

[10:33] முருகன்: நான்தான். ஏன்?

[10:36] நர்மதா: வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைந்தால் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு கூடும். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுப் பட்டினி கிடந்தால் பை சுருங்காமல் பித்தநீர் தேங்கிக் கிடக்கும். அக்காவுக்குக் கல் அதனால்தான் வந்தது என்று சொல்லவில்லை. நாற்பது தாண்டிய பெண்களுக்கு எப்படியும் வாய்ப்பு அதிகம். ஆனால் இனிமேல் சார்ட் வேண்டாம்.

[10:37] முருகன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[10:52] ராஜா சித்தப்பா: செல்வி, நான் என்னவோ நினைத்துவிட்டேன். தூங்கு அம்மா.

ஐந்து வாரம் கழித்து, சனி

[காலை 6:58] ராஜா சித்தப்பா: அடுத்த மாதம் 14, 15 கோவில் கொடை விழா. யார் யார் வருகிறீர்கள்? செல்வி, வைத்தியம் எப்படிப் போகிறது?

[7:20] செல்வி அக்கா: நடந்துகொண்டே எழுதுகிறேன் சித்தப்பா, எழுத்துப் பிழை இருக்கும்.

[7:20] கவிதா: நடந்துகொண்டா!!

[7:41] செல்வி அக்கா: வீட்டுக்கு வந்துவிட்டேன். தைராய்டு சுரப்பு போதவில்லை, மாத்திரை அளவைக் கூட்டியிருக்கிறார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பித்தநீரைப் பிடித்துவைக்க ஒரு பொடி, கொலஸ்டிரமின் என்று பெயர். மருந்துக்கு அடங்கினால் அதுதான் வியாதி என்று வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ஆற்று மணலைக் கரைத்துக் குடிப்பது போல இருக்கிறது. ஆனால் நாலாம் நாள் காலையில், 14 மாதத்துக்குப் பிறகு, அவசரமே இல்லாமல் பேப்பர் படித்தேன். அத்தான் வெளியிலிருந்து கதவைத் தட்டி, உள்ளே இருக்கிறாயா என்று கேட்டார்.

[7:44] நர்மதா: தைராய்டு மாத்திரையையும் பொடியையும் சேர்த்துப் போடவில்லையே? பொடி அதையும் பிடித்துக்கொள்ளும்.

[7:46] செல்வி அக்கா: மாத்திரை காலை ஐந்தரைக்கு, பொடி பதினொன்றுக்கு. டாக்டரும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று சொன்னார். ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கொஞ்சம் மலச்சிக்கல் வந்தது, அளவைக் குறைத்தார்கள்.

[7:47] பாலா: அக்கா, எடை?

[7:48] ராஜா சித்தப்பா: டேய்.

[7:52] செல்வி அக்கா: கேட்கட்டும் சித்தப்பா. 75. ரஸ்க் டப்பாவில் இப்போது சுண்டல் கடலை போட்டு வைத்திருக்கிறேன். ஒரேயடியாக விட்ட எண்ணெயைத் திரும்பச் சேர்த்துவிட்டேன், தாளிப்பு வாசனைக்கே அழுகை வந்தது. இருவருக்கும் மாதம் ஒரு லிட்டர், அதற்குள் எல்லாம். காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுகிறேன். மாற்றுப் பாவாடை மட்டும் இன்னும் பையில் இருக்கிறது. எடுத்து வைக்க மனசு வரவில்லை. போன செவ்வாய் பிரியாணி ஒரு கை வாங்கிச் சாப்பிட்டேன், பழைய கதைதான். பொடி இருக்கிறது என்று ஆடக்கூடாது.

[7:55] முருகன்: 75 நல்ல வேகம்தானே அக்கா, மெதுவாகவே போ.

[7:55] நர்மதா: பரவாயில்லையே, தேறிவிட்டான்.

[8:10] ராஜா சித்தப்பா: சரி, கேள். நெல்லை எக்ஸ்பிரஸில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன். பெட்டியின் கடைசி வரிசை, கதவுப் பக்கம். சத்தமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். கோவிலுக்கு எதிர் வீடு நாம் வாடகைக்கு விடும் வீடுதானே, இந்த மாதத்தோடு காலி. சாவி உன் கையில். வேறு யார் கேட்டாலும் கொடுக்காதே, உன் சித்தியே கேட்டாலும்.

[8:12] செல்வி அக்கா: சித்தப்பா

[8:13] ராஜா சித்தப்பா: மறுநாள் வீட்டில் சொதி. உனக்கு ரசம் தனியாக வைக்கச் சொல்லட்டுமா?

[8:16] செல்வி அக்கா: ரசமும் வையுங்கள். ஆனால் நான் பந்தியில் உட்காருவேன். சொதி ஒரு கரண்டி, கெட்டித் தேங்காய்ப் பால் ஊற்றுவதற்கு முன்னால் எடுத்தது. இஞ்சித் துவையல் எவ்வளவு வேண்டுமானாலும்.

[8:19] கவிதா: பெரியம்மா வாய்ஸ். எழுதுகிறேன்: “இஞ்சி என்று நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா?”