மோரிஸ் மைனர் 1098: புது டிஸ்ட்ரிபியூட்டர் மாட்டிய பிறகு டைமிங் பிடிபடவில்லை

ஈசூன் மைனர்:
வணக்கம். வண்டி மோரிஸ் மைனர் 1000, 1098 சிசி, ஒற்றை எஸ்யூ கார்ப்பரேட்டர். பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை வண்டியின் உடலோடு இணைந்தது) அப்படியே இருக்கிறது. பழைய லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரில் (பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் கருவி) ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடுகிறது என்று 45டி4 மாதிரியில் செய்த புதிய நகல் ஒன்றை மாட்டியிருக்கிறேன். பழையதைக் கழற்றும்போது ரோட்டார் (உள்ளே சுற்றிப் பொறியைப் பங்கிடும் கை) எந்தப் பக்கம் நின்றது என்று குறிக்கவில்லை. இப்போது ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது எதிர்த்து உதைக்கிறது, கார்ப்பரேட்டர் வழியாகத் துப்புகிறது. அடிப்படையிலிருந்து எப்படி அமைப்பது? பழையதற்கு வைத்த அதே 5 டிகிரியை (பிஸ்டன் உச்சிக்கு வரும் முன் பொறி விழும் கோணம்) இதற்கும் வைக்கலாமா? சிங்கப்பூரில் பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்தில் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்ட முடியும். சாலையில் வைத்துச் சோதித்தே அந்த நாள்களைத் தீர்த்துவிட விருப்பமில்லை.

ஸ்பேனர் பெட்டி:
எதிர்த்து உதைத்தால் பொறி மிக முன்னதாக விழுகிறது என்று அர்த்தம். ஓடவிட்டுத் திருகிப் பார்ப்பதை நிறுத்துங்கள், பேட்டரியைக் கழற்றிவிட்டு முதலிலிருந்து வாருங்கள்.

நாலு பிளக்கையும் கழற்றினால் இஞ்சினைக் கையால் சுற்றுவது சுலபம். ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1-ஆம் சிலிண்டர். அந்தத் துளையில் கட்டைவிரலை வைத்துச் சுற்றுங்கள், காற்று விரலைத் தள்ளும்போது அது கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக். ராக்கர் கவரைக் கழற்றினால் இன்னும் உறுதியாகத் தெரியும்: 4-ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி மற்றது திறக்கும் நிலையில் இருந்தால் 1 கம்ப்ரெஷனில் மேலே இருக்கிறது. புல்லி வெட்டைப் பார்க்க வண்டிக்கு அடியில்தான் குனிய வேண்டும். டைமிங் கவரில் மூன்று முனைகள் உண்டு. நீளமானது டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை), மற்றவை அதற்கு முந்தைய 5, 10 டிகிரி. வெட்டில் வெள்ளை பெயிண்ட் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். வெட்டை 5-க்குக் கொண்டுவரும்போது இஞ்சின் சுற்றும் திசையிலேயே கொண்டுவாருங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய்த் திரும்ப வாருங்கள், இல்லாவிட்டால் டைமிங் செயினின் தளர்வு கணக்கில் சேர்ந்துவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இருக்கும் டாக் (இஞ்சினோடு இணைக்கும் பல்) நடுவில் இல்லை, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அதனால் ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். லேசாக அழுத்திக்கொண்டே ரோட்டாரைத் திருப்புங்கள், 'டக்' என்று இறங்கும். இறங்காமல் கிளாம்ப் போல்ட்டை முறுக்கி இழுத்து உட்காரவைக்காதீர்கள், டாக் உடையும். அந்த நிலையில் ரோட்டார் எதைப் பார்க்கிறதோ அந்தக் கேப் (மூடி) முனைதான் 1. அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் 1-3-4-2. ஒயர்களைப் பழைய கேப்பிலிருந்து பார்த்து அப்படியே மாற்றியிருந்தால் உங்கள் துப்பலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

டைமிங்குக்கு முன் பாயிண்ட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளி, 0.35 முதல் 0.40 மிமீ. வரிசை மாறக்கூடாது. அந்த இடைவெளியைப் பிறகு மாற்றினால் டைமிங்கும் நகர்ந்துவிடும். கேமில் துளி கிரீஸ், ரோட்டாருக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூவில் இரண்டு சொட்டு எண்ணெய். பாயிண்ட் முகத்தில் எண்ணெய் படவே கூடாது.

பேட்டரியை மாட்டி, 12 வோல்ட் பல்பின் ஒரு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டரின் லோ டென்ஷன் முனையிலும் மற்றதை எர்த்திலும் வைத்து சாவியைத் திறங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பாடியை ரோட்டார் சுற்றும் திசையில் திருப்பினால் பாயிண்ட் மூடி விளக்கு அணையும். அங்கிருந்து எதிர்த்திசையில் மெல்ல, மிக மெல்லத் திருப்புங்கள். விளக்கு எரியும் அந்தக் கணத்தில் நிறுத்தி கிளாம்ப்பை முறுக்குங்கள். அளவாக முறுக்கினால் போதும், கிளாம்ப் தகடு வளைந்துவிடும். முறுக்கிய பிறகு இன்னொரு முறை விளக்கை வைத்துப் பாருங்கள், முறுக்கும்போதே ஒரு டிகிரி ஓடிவிடுவது வழக்கம். உங்கள் பழைய 25டி4-இல் நுண்ணிய சரிசெய்தலுக்குச் சிறு நட்டு இருந்தது, 45டி4-இல் அது இல்லை. எல்லாம் கிளாம்ப்பில்தான்.

நீலப்பொறி:
மேலே சொன்னது முழுக்கச் சரி. நான் புது உதிரிகளைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

பெட்டியோடு வந்த ரோட்டாரின் பித்தளைத் தகட்டைப் பாருங்கள். நடுவில் ரிவெட் அடித்திருந்தால் தூக்கிப் போடுங்கள். அந்த ரிவெட்டிலிருந்து பிளாஸ்டிக்கைத் துளைத்து ஷாஃப்டுக்குப் பொறி கசியும். குளிர்ந்த இஞ்சினில் நன்றாக ஓடி, சூடானதும் திடீரென்று நின்றுபோகும். ரிவெட் இல்லாத சிவப்பு ரோட்டார் வாங்குங்கள். புது கன்டென்சர்களும் அப்படித்தான், வெயிலில் போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது போய்விடும். பழைய லூகாஸ் கன்டென்சர் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

காயிலில் பிளஸ், மைனஸ் குறி இருந்தால், பாசிட்டிவ் எர்த் வண்டியில் பிளஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு, மைனஸ் சாவிக்கு. மாற்றிப் போட்டாலும் ஓடும், ஆனால் பொறி பலவீனமாகும். பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் போடும் எண்ணம் இருந்தால் பாசிட்டிவ் எர்த்துக்கென்று செய்ததைத்தான் வாங்க வேண்டும். நெகட்டிவ் எர்த் மாட்யூலைப் போட்டால் சாவியைத் திறந்ததும் கருகிவிடும்.

கார்ப்பரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயையும் கவனியுங்கள். உங்கள் பழையதில் உலோகக் குழாயை நட்டால் முறுக்கியிருந்தால், புதியது ரப்பர் செருகும் வகையாக இருக்கும். ஒட்டுப் போடாமல் தொங்கவிட்டால் காற்று கசிந்து கலவை மெலியும், அதனாலும் கார்ப்பரேட்டர் துப்பும்.

ஈசூன் மைனர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஒயர்கள் ஒரு இடம் தள்ளியிருந்தன. விளக்கு வைத்து 5-க்குக் கொண்டுவந்தேன், உதையும் துப்பலும் போய்விட்டன. ஆனால் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு ஸ்ட்ரோப் லைட் (டைமிங் பார்க்கும் மின்னும் விளக்கு) அடித்தால் ஐடிலில் 11 டிகிரி காட்டுகிறது. வேகத்தைக் கூட்டினால் 38 வரை போகிறது. மவுண்ட் ஃபேபர் ஏற்றத்தில் டாப் கியரில் கணீர் கணீர் என்று தட்டும் சத்தம். 95 ஆக்டேன் பெட்ரோல்தான்.

ஸ்பேனர் பெட்டி:
அந்தச் சத்தத்தோடு ஓட்டாதீர்கள் தம்பி, பிஸ்டன் போய்விடும்.

முதலில் ஐடிலை 600-க்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் 5-ஐத் தாண்டினால் நகலின் அட்வான்ஸ் ஸ்பிரிங் மெலிந்தது, வேகம் கூடும்போது விரிந்து பொறியை முன்தள்ள வேண்டிய எடைகள் ஐடிலிலேயே விரிகின்றன. இதுதான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: 5 டிகிரி என்பது அந்தப் பழைய டிஸ்ட்ரிபியூட்டரின் வளைவோடு (வேகத்துக்கு ஏற்பப் பொறி முன்னேறும் அளவு) சேர்ந்த எண். வளைவு மாறினால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. ஏ சீரிஸ் இஞ்சினுக்கு வேக்குவம் இல்லாமல் 4000 சுற்றில் மொத்தம் 30 முதல் 32 போதும். தற்காலிகமாக அதை வைத்தே அமையுங்கள். ஸ்டாட்டிக் (இஞ்சின் ஓடாதபோது வைக்கும் டைமிங்) ஏறக்குறைய டிடிசிக்கே வந்துவிடும், கீழ் வேகத்தில் இழுவை குறையும், ஆனால் இஞ்சின் பிழைக்கும்.

நீலப்பொறி:
இதில் நிரந்தரத் தீர்வு பழைய 25டி4-க்கு புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) மாற்றுவதுதான் என்பது என் கருத்து. பாடியில் ஐந்து இலக்க எண் பொறித்திருக்கும், அதுதான் எந்த இஞ்சினுக்கான வளைவு என்று சொல்லும். உங்கள் 1098-க்கு உரிய எண்ணாக இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். வேக்குவம் யூனிட்டிலும் மூன்று எண் இருக்கும். உதாரணமாக 5-17-8 என்றால் 5 அங்குலப் பாதரசத்தில் தொடங்கி, 17-இல் முடிந்து, டிஸ்ட்ரிபியூட்டரில் 8 டிகிரி, அதாவது கிராங்கில் 16. வாயால் உறிஞ்சிப் பாருங்கள், தகடு நகர்ந்து அங்கேயே நின்றால் டயஃப்ரம் நல்லது.

லேத் வைத்திருக்கும் எந்தக் கடையும் புஷ் போட்டுத் தரும், சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுங்கள். துளையுள்ள வெண்கல புஷ்ஷை 24 மணி நேரம் இஞ்சின் எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். அவசரம் என்றால் 100 டிகிரி எண்ணெயில் 2 மணி நேரம். உட்கார்ந்த பிறகு ரீமர் போடக்கூடாது, போட்டால் துளைகள் அடைபட்டு எண்ணெய் வராது. டாக்கின் பின்னைத் தட்டி எடுக்கும் முன் டாக்கிலும் ஷாஃப்டிலும் கோடு கிழியுங்கள். அது திரும்பிப் போனால் ரோட்டார் 180 டிகிரி மாறி நிற்கும். பாடிக்கும் பேஸ் பிளேட்டுக்கும் இடையில் ஓடும் சின்ன எர்த் ஒயரையும் அப்போதே புதிதாகப் போடுங்கள், உறைக்குள் இழை அறுந்திருந்தால் வெளியே தெரியாது.