திலாப்பியா தொட்டியில் காப் வளர்க்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டோங்காட்டில் கொட்டகைக்குள் 10,000 லிட்டர் தொட்டியில் திலாப்பியா வளர்க்கிறேன். அதிலேயே கடல்நீர் விட்டு காப் என்ற கடல் மீனை, அதாவது நம் மீன்கடை டாகா சால்மனை, 300 கிலோ வரை வளர்க்க எண்ணம். இப்போதுள்ள வடிகட்டி தாங்குமா?

பதில் 1: அண்ணா, தொட்டி அளவை விடுங்கள், தீனியிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். 300 கிலோ மீனுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ தீனி என்று வையுங்கள். 45% புரதத் தீனியில் கிலோவுக்கு 40 கிராம் அமோனியா நைட்ரஜன் வரும். மொத்தம் 200 கிராம். இந்த அமோனியாவைக் கழிப்பது வடிகட்டியில் ஒட்டி வாழும் பாக்டீரியா. கடல்நீரில் அது மந்தம். சதுர மீட்டருக்கு நாளுக்கு 0.25 கிராம்தான் கழிக்கும் என்று அடக்கமாகப் போட்டால் அது ஒட்டி வளர 800 சதுர மீட்டர் பரப்பு தேவை. கன மீட்டருக்கு 500 சதுர மீட்டர் தரும் பிளாஸ்டிக் துண்டுகளானால் 1.6 கன மீட்டர். உங்கள் வடிகட்டியில் அவ்வளவு இருக்கிறதா பாருங்கள்.

நன்னீரில் பழகிய பாக்டீரியாவை ஒரே நாளில் கடல்நீர் உப்புக்கு (லிட்டருக்குச் சுமார் 35 கிராம்) மாற்றினால் முடங்கிவிடும். மீனே இல்லாமல், பாக்டீரியாவுக்கு உணவாக அம்மோனியம் குளோரைடு போட்டுப் பழக்குங்கள். இரண்டு மாதம் ஆகலாம். அமோனியா இறங்கியதும் குஞ்சு விடாதீர்கள், அமோனியாவிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் இறங்கட்டும், அதுவும் மீனுக்கு நஞ்சு. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய நீரின் காரத்தன்மை குறையும். அது லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே போனால் சமையல் சோடா போடுங்கள். தீனி கிலோவுக்குக் கால் கிலோ வரை செலவாகும். ஆவியான நீருக்கு நன்னீரே ஊற்றுங்கள், குளோரின் நீக்கிய பிறகு. கடல்நீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

பதில் 2: வடிகட்டியைவிட எனக்குக் கவலை ஆக்சிஜன்தான். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் பிடிக்கும், கடல்நீர் 6.7தான். மின்சாரம் போனால் 300 கிலோ மீன் அரை மணிக்குள் மூச்சுத் திணறும். ஜெனரேட்டர் கிளம்பாத நாளும் உண்டு. ஆக்சிஜன் சிலிண்டரில், மின்சாரம் நின்றதும் தானே திறக்கும் சொலினாய்டு வால்வு வையுங்கள். மூடிய மணல் வடிகட்டி சில மணி நேரம் நின்றுபோனால் உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு சேரும். முதல் நீரைத் தொட்டிக்கு விடாமல் சாக்கடைக்குத் திருப்புங்கள்.

பதில் 3: காப் குஞ்சு தன் இனத்தையே தின்னும். அளவு வாரியாக அடிக்கடி பிரியுங்கள், தீனியைக் குறைக்காதீர்கள். பம்ப் அச்சு, திருகு எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீலில் இருக்கட்டும். 304 ரகம் போட்டால் கடல்நீர் குழிகுழியாக அரிக்கும்.

பதில் 2 (மீண்டும்): அனுமதியை மறந்துவிட்டோம். கடல் மீன் வளர்ப்புக்கு 1998 கடல்வாழ் வளங்கள் சட்டப்படி உரிமையும் பெர்மிட்டும் வேண்டும். கழிவைக் கடலில் விட 2008 கடலோர மேலாண்மைச் சட்டத்தின்கீழ் தனி அனுமதி. இவை கையில் வரும்வரை குஞ்சுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.