மஸ்டாங் ஜிடியைக் கொடுத்துவிட்டு எஃப்-150 எடுப்பது: டீலர் சொல்லும் டிரேட்-இன் விலை நியாயமானதா?

ஐந்துலிட்டர் (டல்லாஸ்):
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2019-ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் ஜிடி பிரீமியம் கார் இருக்கிறது. ஆறு கியர் மேனுவல், 48,000 மைல் ஓடியிருக்கிறது, கடன் பாக்கி எதுவும் இல்லை. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அதன் பின்னிருக்கையில் இரண்டு கார் சீட்டுகளைப் பொருத்துவது பெரும்பாடாகிவிட்டதால், ஃபோர்டின் நான்கு கதவுள்ள புதிய எஃப்-150 டிரக் ஒன்றை எடுக்கலாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். பார்த்து வைத்திருக்கும் டிரக்கின் விலை 62,000 டாலர். அதே டீலர் என் மஸ்டாங்கை டிரேட்-இன்னாக எடுத்துக்கொண்டு, அதாவது டிரக்கின் விலையில் கழித்துக்கொண்டு, அதற்கு 21,000 டாலர் தருவதாகச் சொல்கிறார். ஆனால் இதே ஆண்டு, ஏறக்குறைய இதே மைல் கொண்ட வண்டிகள் இணையத்தில் 27,000, 28,000 என்று விலை போடப்பட்டிருக்கின்றன. எக்ஸாஸ்ட், கோல்ட் ஏர் இன்டேக் (இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்றைத் தரும் பாகம்), வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங், இன்ஜின் டியூன் (இன்ஜின் கணினியின் மென்பொருள் மாற்றம்) என்று நான் செய்த செலவுக்கு அவர் ஒரு டாலர்கூடச் சேர்க்கவில்லை. இது நியாயமான விலைதானா, அல்லது நானே தனியாருக்கு விற்றுக்கொள்வது நல்லதா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏலக்கூடம்:
பழைய வண்டிகளுக்கு விலை மதிப்பிடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இணையத்தில் நீங்கள் பார்ப்பது விற்பவர் கேட்கும் விலை. வாங்குபவர் கொடுத்த விலை அன்று. உங்கள் வண்டியை எடுக்கும் டீலர், அதை நாளைக்கே மேன்ஹைம் போன்ற மொத்த ஏலத்துக்கு அனுப்பினால் என்ன கிடைக்கும் என்பதிலிருந்துதான் தொடங்குவார். அதிலிருந்து டயர், பிரேக், சுத்தம் செய்யும் செலவு, வண்டி விற்காமல் நிற்கும் நாட்களுக்கான வட்டி, தன் லாபம் ஆகியவற்றைக் கழித்துவிட்டு மிஞ்சுவதையே உங்களிடம் சொல்வார். எஃப்-150 விற்கும் டீலருக்கு மஸ்டாங்கும் தன் கம்பெனி வண்டிதான் என்பதால், அதைத் தன் வளாகத்திலேயே வைத்து விற்க முடியும். ஆகவே பேசிப் பார்க்க உங்களுக்கு இடம் இருக்கிறது.

வேகமான கார்களில் மதிப்பைக் குறைப்பது மைலைவிட, முன்பு ஓட்டியவர் அதை எப்படி ஓட்டினார் என்ற சந்தேகமே. நாங்கள் முதலில் பின்டயர்களின் உள்விளிம்பைத்தான் கையால் தடவிப் பார்ப்போம். தாழ்த்தப்பட்ட வண்டியில் வெளிப்பக்கம் நன்றாகத் தெரிந்தாலும் உள்பக்கம் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருப்பது வழக்கம். இன்ஜின் ஆறியிருக்கும்போது இரண்டாவது, மூன்றாவது கியர் உரசாமல் விழுகிறதா என்று பார்ப்போம். பிறகு ஸ்கேனரைச் செருகினால், புகைக் கட்டுப்பாட்டுச் சோதனைகள் பலவும் "முடியவில்லை" என்று காட்டும் வண்டிக்குக் கணினி நினைவகம் அண்மையில்தான் அழிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். டியூனை நேற்று இரவு நீக்கிவிட்டு இன்று காலை வந்தவர்கள் பெரும்பாலும் இதில் அகப்படுவார்கள்.

மாற்றங்களுக்குச் செய்த செலவு டிரேட்-இன் விலையில் திரும்ப வராது. சில சமயம் அதுவே விலையைக் குறைக்கும். வண்டியோடு வந்த கம்பெனி பாகங்களை நீங்கள் பத்திரமாக வைத்திருந்தால் அவற்றைத் திரும்பப் பொருத்திவிட்டு, வாங்கிய பாகங்களை மஸ்டாங் ஆர்வலர்களிடம் தனியாக விற்றுவிடுங்கள். டியூன் இருந்ததா என்று கேட்டால் இருந்தது என்றே சொல்லிவிடுவது நல்லது.

கணக்கர்:
டெக்சாஸில் இருப்பவர் வரியைக் கணக்கில் சேர்க்காமல் இந்த முடிவை எடுக்கக் கூடாது. இங்கே வாகன விற்பனை வரி 6.25 சதவீதம்; டிரேட்-இன் கொடுத்தால், புதிய வண்டியின் விலையிலிருந்து பழைய வண்டியின் மதிப்பைக் கழித்த தொகைக்கு மட்டுமே வரி. 62,000 டாலருக்கு முழு வரி 3,875 டாலர். 21,000 கழித்தால் 2,562.50 டாலர்தான் வரும். அதாவது டீலர் தரும் 21,000 உங்களுக்கு உண்மையில் 22,312.50 டாலருக்குச் சமம். தனியாருக்கு விற்பதாக இருந்தால் அந்தத் தொகையைத் தாண்டினால்தான் பயன், அதிலும் முன்பின் தெரியாதவர்களுக்குச் சாவியைக் கொடுத்து ஓட்டிக் காட்டும் தொல்லைக்கு நீங்கள் என்ன விலை போடுகிறீர்கள் என்பது உங்களைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் இருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். அங்கே டிரேட்-இன் கொடுத்தாலும் முழு விலைக்கும் வரி உண்டு.

டாக்கோமாக்காரர்:
டிரக் என்றால் மதிப்பு குறையாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். என்னிடம் இருக்கும் டொயோட்டா டாக்கோமாவுக்கு அந்தப் பெயர் பொருந்தும். ஆனால் சதவீதம் வேறு, டாலர் வேறு. ஒரு பேச்சுக்கு, 40,000 டாலர் கார் பாதி மதிப்பை இழந்தால் போவது 20,000; 62,000 டாலர் டிரக் 40 சதவீதம் மட்டுமே இழந்தாலும் போவது 24,800. உங்கள் மஸ்டாங் மதிப்பு செங்குத்தாக விழும் ஆண்டுகளை ஏற்கெனவே கடந்துவிட்டது. புதிய டிரக்கில் நீங்கள் அந்த இறக்கத்தை முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். இரண்டு மூன்று ஆண்டு ஓடிய எஃப்-150 ஒன்றைப் பார்த்தீர்களா?

அதிக சக்தி கொண்ட டிரக்குகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். 702 குதிரைத்திறன் கொண்ட ராம் டிஆர்எக்ஸ் வந்த புதிதில், சிப் தட்டுப்பாடு இருந்த 2021, 2022-இல், கம்பெனி விலைக்கு மேல் பெரும் தொகை கொடுத்து அதை எடுத்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கூடுதல் தொகை வண்டியின் விலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள் அன்று. தட்டுப்பாடு நீங்கிய அன்றே அது கரைந்துவிட்டது. மின்சார எஃப்-150 லைட்னிங்கின் கதை வேறு மாதிரி. 2023 ஜூலையில் அதன் ஆரம்ப மாடலின் விலையை ஃபோர்டு 59,974 டாலரிலிருந்து 49,995 டாலராகக் குறைத்தது. புதியது பத்தாயிரம் மலிவானால், பழையதை வைத்திருப்பவரின் விலையும் அதோடு இறங்கத்தானே செய்யும்?

ஐந்துலிட்டர்:
அனைவருக்கும் நன்றி. இரண்டு மூன்று ஆண்டு ஓடிய டிரக்குகளையும் பார்த்தேன். எங்களுக்கு வேண்டிய வசதிகள் உள்ளவற்றில் விலை வேறுபாடு போதுமானதாக இல்லை. ஒரு சந்தேகம்: மஸ்டாங்குக்குப் போட்டியான கமாரோ, வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) சேலஞ்சர் ஆகிய இரண்டு கார்களின் உற்பத்தியும் 2023 முடிவில் நின்றுவிட்டதால், வி8 கார்களுக்கு விலை ஏறும், இப்போது விற்காதே என்று நண்பர் ஒருவர் தடுக்கிறார். காத்திருக்கலாமா?

ஏலக்கூடம்:
உற்பத்தி நின்ற கார்களிலும் எல்லா மாடலுக்கும் விலை ஏறுவதில்லை. அப்படியிருக்க மஸ்டாங் ஜிடியோ ஐந்து லிட்டர் வி8-உடன் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. ஷெல்பி ஜிடி350 என்ற சிறப்பு மஸ்டாங் மாதிரி, 2020-உடன் நின்றுபோன தனி இன்ஜின் கொண்ட வண்டியாக இருந்தால் நானும் உங்கள் நண்பரின் பக்கம்தான். சாதாரண ஜிடிக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. மேனுவல் கியர் விஷயம் மட்டும் உங்களுக்குச் சாதகம். அதை வாங்குபவர்கள் குறைவு என்றாலும், அதையே தேடி வருபவர்கள் அதிகம் பேரம் பேச மாட்டார்கள். ஆனால் அது தனியார் விற்பனையில்தான் எடுபடும், டீலரின் திரையில் அதற்குத் தனி மதிப்பு இராது. கம்பெனி பாகங்களைப் பொருத்திய பிறகு, நேரடியாக வண்டி வாங்கும் பெரிய நிறுவனங்கள் ஒன்றிரண்டில் எழுத்து மூலம் விலை பெற்றுக்கொண்டு மறுபடியும் அந்த டீலரிடம் போங்கள்.

ஐந்துலிட்டர்:
அப்படியே செய்தேன். ஒரு நிறுவனம் 23,400 டாலர் என்று எழுதிக் கொடுத்தது. அதைக் காட்டியதும் டீலர் 22,500 வரை வந்தார், அதற்கு மேல் நகரவில்லை. கணக்கர் சொன்னபடி வரிச் சலுகை 1,406.25 டாலரைச் சேர்த்தால் 23,906.25 ஆகிறது, அப்படியானால் டீலரிடம் கொடுப்பதே 506.25 டாலர் லாபம் என்று நினைக்கிறேன். விலைத்தாளைப் படமாக இணைத்திருக்கிறேன், சரிபார்க்க முடியுமா?

கணக்கர்:
உங்கள் கணக்கு சரி, தாள்தான் சரியில்லை. டிரக்கின் விலை 62,000-இலேயே இருக்கிறது, ஆனால் அதன் கீழே பெயின்ட் பாதுகாப்பு, டயருக்கு நைட்ரஜன் என்ற இரண்டு வரிகளில் 1,295 டாலர் ஏறியிருக்கிறது. உங்கள் மஸ்டாங்குக்குக் கூட்டிக் கொடுத்த 1,500 டாலரில் பெரும்பகுதி அங்கே திரும்பிப் போய்விட்டது. அவ்விரண்டு வரிகளையும் அடித்துவிட்டு, வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்த இறுதித் தொகையைப் புதிய தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், அந்த 23,400 டாலர் காலாவதியாகும் முன் மஸ்டாங்கை அங்கேயே கொடுத்துவிட்டு, டிரக்குக்கு வேறு டீலரிடம் விலை கேளுங்கள்.