25 பெயர், நள்ளிரவுக்குள்

குழு: அம்மம்மா வீட்டுப் பிள்ளைகள்
செவ்வாய், 30 டிசம்பர் 2025

சின்ன மாமா (மொன்றியல்), மாலை 6:12
எல்லாருக்கும் வணக்கம். நாளை கனடா தன் ஒலிம்பிக் ஐஸ் ஹொக்கி அணியை அறிவிக்கிறது. நம் குடும்பப் போட்டிக்கான பட்டியல்கள் இன்று நள்ளிரவுக்குள் இங்கே வந்துவிட வேண்டும். 25 பெயர். அதில் மூவர் கோல்காப்பாளர்கள். ஆறு பேரை ஜூன் மாதமே சொல்லிவிட்டார்கள்: குரோஸ்பி, மக்டேவிட், மக்கினன், மகார், பொயின்ட், ரைன்ஹார்ட். ஆகவே உங்கள் மூளைக்கு வேலை 19 பெயருக்குத்தான். யாருடைய பட்டியல் ஆகக் குறைவாகப் பொருந்துகிறதோ, அவர் புத்தாண்டு ஒடியற்கூழுக்கு நண்டும் மீனும் துப்புரவாக்க வேண்டும்.

சித்தி, 6:14
போன முறை தோற்றவர் இன்னும் அந்தக் கணவாயைக் கழுவி முடிக்கவில்லை.

பெரிய மாமா (ஸ்காபரோ), 6:15
போன முறை, பெப்ரவரியில் நடந்த நான்கு நாடுகள் போட்டிக்கு, 23 பெயரில் 19 பெயரை நான் சரியாகச் சொன்னேன். கணவாய் கழுவியது உன் கணவன்.

சித்தப்பா, 6:15
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தான் (லண்டன்), 6:21
இங்கே இரவு பதினொன்றரை ஆகப்போகிறது, ஆனாலும் ஒரு கேள்வி. நன்றாக விளையாடும் 25 பேரை எடுத்தால் வேலை முடிந்தது அல்லவா? கோல் கணக்கைப் பார்த்து மேலிருந்து எண்ணினால் போதாதா? இதற்கு ஒரு குழு, ஒரு முகாமையாளர், இத்தனை மாத யோசனை எதற்கு?

பெரிய மாமா, 6:29
தம்பி, 2006 டூரின் ஒலிம்பிக் உங்களுக்குத் தெரிந்திருக்காது. இருங்கள், எழுதுகிறேன்.

பெரிய மாமா, 6:41
அந்த அணியில் இருந்த பெயர்களைப் பார்த்தால் தங்கம் ஏற்கெனவே தபாலில் வந்துவிட்டது என்று நினைப்பீர்கள். முகாமையாளர் கிரெட்ஸ்கி, இந்த விளையாட்டின் ஆகப் பெரிய பெயர். அதற்கு மேல் என்ன வேண்டும்? நான் இரவு வேலை முடிந்து காலையில் வந்து, ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் இருந்து சுவிட்சர்லாந்து ஆட்டத்தைப் பார்த்தேன். 2-0 என்று தோற்றோம். இரண்டு கோலையும் அடித்தது யார் தெரியுமா? போல் டிபியெட்ரோ. ஒன்டாரியோவில் பிறந்தவன். நம் ஊர்ப் பையன், அங்கே போய் சுவிஸ் குடிமகனாகி நம் தலையிலேயே அடித்தான். பிறகு பின்லாந்திடம் 2-0, காலிறுதியில் ரஷ்யாவிடம் 2-0. மூன்று ஆட்டங்களில் ஒரு கோல் இல்லை! அப்போது 18 வயதுக் குரோஸ்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பெயர் இருந்தது, கால் ஓடவில்லை.

நான், 6:44
அதனால்தான் மாமா, என் பட்டியலில் முதலில் எழுதிய பெயர் செலெப்ரினி. 19 வயதுதான். 2006இல் செய்த தவறை இன்னொரு முறை செய்யக் கூடாது.

சின்ன மாமா, 6:47
செலெப்ரினியை மே மாத உலகச் சாம்பியன் போட்டிக்குக் குரோஸ்பியோடு அனுப்பிப் பார்த்தார்களே. மக்கினனும் இருந்தான். டென்மார்க்கிடம் 2-1 என்று காலிறுதியில் வெளியேறினோம். டென்மார்க்!

நான், 6:48
அதற்கு அந்தப் பிள்ளையா பொறுப்பு?

தங்கை, 6:52
உலகச் சாம்பியன் போட்டியை வைத்து எதையும் சொல்லாதீர்கள். அது மே மாதத்தில் நடக்கிறது. வட அமெரிக்க லீக்கின் (NHL) ஸ்டான்லி கோப்பைச் சுற்றில் தோற்றவர்களையும், அதற்குள் நுழையாதவர்களையும் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்து, வர முடியுமா என்று கேட்டு நிரப்புகிற அணி அது. பாதிப் பேர் குழந்தை பிறக்கிறது, தோள் வலிக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அப்படிச் சேர்த்த அணிதான் 2021இல் ரிகாவில் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்றுவிட்டு, கடைசியில் தங்கம் எடுத்தது. பின்லாந்துக்கு எதிராக மேலதிக நேரத்தில் கோல் அடித்தவர் நிக் போல். அந்தப் பெயரை இந்தக் குழுவில் யாராவது பட்டியலில் எழுதியிருப்பீர்களா?

அம்மா, 6:53
நான் எழுதியிருப்பேன். பெயர் சின்னது.

பெரிய மாமா, 7:05
அத்தானின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. கூழை எடுத்துக்கொள்ளுங்கள். நண்டு, இறால், கணவாய், மீன் என்று விலை கூடியதை எல்லாம் பானையில் போட்டுவிட்டு ஒடியல் மாவை மறந்தால் அது கூழா? மீன் கழுவிய தண்ணீர். இந்த அணியில் ஒடியல் மா சிரெல்லி. கோல் கணக்கில் அவன் பெயர் மேலே வராது. எதிர் அணியின் சிறந்த வரிசை களத்துக்கு வரும்போது அவர்கள் முன்னால் போய் நிற்பான், தண்டனையால் ஓர் ஆள் குறைவாக விளையாடும் இரண்டு நிமிடத்தில் பக்கை (அந்த ரப்பர் வட்டை) வெளியே தள்ளுவான். கனடாவின் பயிற்றுநர் கூப்பர் தம்பா கழகத்தில் இவனோடு வேலை செய்கிறவர். விடமாட்டார்.

சின்ன மாமா, 7:08
ஒடியல் மா என்று சொல்லித்தான் 1998இல் நகானோ ஒலிம்பிக்குக்கு ரொப் சமூனரைக் கொண்டு போனார்கள் அண்ணா. கடைசியில் செக் அணியுடன் ஷூட்அவுட் வந்தது, ஒவ்வொருவராகக் கோல்காப்பாளரைத் தனியே எதிர்கொண்டு அடிப்பது. அவர்கள் கோல்காப்பாளர் ஹாசெக் ஐந்து பேரையும் தடுத்தான். கிரெட்ஸ்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடிக்க ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தபோது அவரை எடுக்கவில்லை. பட்டியல் போட்டால் மட்டும் போதாது, போட்ட பட்டியலில் யாரை எப்போது எழுப்ப வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

பெரிய மாமா, 7:09
அந்தக் காயத்தைக் கிளறாதே.

அக்கா (லண்டன்), 7:10
இவர் உறங்கிவிட்டார். கேள்வி கேட்டவர் பதில் வருவதற்குள் குறட்டை விடுகிறார். நாளை வாசிப்பார்.

தங்கை, 7:22
பின்களத்தில் எட்டுப் பேர். அதில் நால்வர் இடக்கை, நால்வர் வலக்கையாக மட்டையைப் பிடிப்பவர்களாக இருந்தால் நல்லது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வலப்பக்கம் விளையாடும்போது இடக்கைப் பிடி உள்ளவருக்குப் பலகையோரமாக வரும் பக்கைப் புறமட்டையால்தான் வாங்க வேண்டியிருக்கும். அந்த அரை வினாடியில் ஓர் ஆள் வந்து மோதிவிடுவான். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த அரை வினாடியில்தான் அடி வாங்குகிறேன். மாமாவின் பட்டியலில் இடக்கைக்காரர்கள் ஆறு பேர்.

பெரிய மாமா, 7:24
திருத்துகிறேன்.

சித்தி, 7:31
மார்னர் வேண்டாம் என்று பெரிய மாமா எழுதியிருப்பதைப் பார்த்தேன். இது நியாயமா? பெப்ரவரியில் சுவீடனுக்கு எதிராக மேலதிக நேரத்தில் கோல் அடித்தது மார்னர். இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவுக்கு எதிராக மக்டேவிட் அடித்த கோலுக்குப் பக்கைக் கொடுத்ததும் அவன்தான்.

பெரிய மாமா, 7:33
ரொறன்ரோ அணியை விட்டு லாஸ் வேகாஸ் அணிக்குப் போனவன்.

சித்தி, 7:33
நீங்கள் மார்க்கம் நகரை விட்டு ஸ்காபரோவுக்கு வரவில்லையா?

பெரிய மாமா, 7:40
சரி. மார்னர் உள்ளே. ஆனால் மனமில்லாமல் எழுதுகிறேன் என்று பதிவாகட்டும்.

சின்ன மாமா, 8:02
கோல்காப்பாளர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பினிங்டனுக்கு செயின்ட் லூயிஸ் அணியில் இந்தப் பருவம் சரியில்லை. இருந்தாலும் எடுப்பேன். பெப்ரவரி இறுதி ஆட்டத்தின் மேலதிக நேரத்தில் அமெரிக்காவின் மத்யூஸ் அடித்ததை அவன் தடுத்தானே, அதற்காக. கனடாவின் முகாமையாளர் ஆம்ஸ்ட்ராங் அவனுடைய சொந்த அணிக்கும் முகாமையாளர் என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்.

நான், 8:06
சொந்த முகாமையாளர் என்பதால் இடம் உறுதி என்று நினைத்தால் மார்ட்டின் சென் லூயியைக் கேட்டுப் பாருங்கள் மாமா. அவர் இப்போது உங்கள் மொன்றியலில்தான் பயிற்றுநர்.

சின்ன மாமா, 8:07
அது வேறு கதை. ஆனால் நல்ல கதை. சொல்.

நான், 8:19
2014 சோச்சி ஒலிம்பிக். கனடாவின் முகாமையாளர் ஐசர்மன். தம்பா அணியின் முகாமையாளரும் அவரே. சென் லூயி அந்தத் தம்பா அணியின் தலைவர், முந்தைய பருவத்தில் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர். ஐசர்மன் அவரை விட்டுவிட்டார். 2010இலும் விட்டவர் அவர்தான். யோசித்துப் பாருங்கள்: மாமன்தான் கலியாண வீட்டுக்காரர், மருமகனுக்கு அழைப்பு இல்லை, மறுநாள் காலை இருவரும் ஒரே கடையில் வேலை செய்ய வேண்டும். அதே அணியின் ஸ்டாம்கோஸ் நவம்பரில் கால் முறிந்து கிடந்தார். குணமாகிவிடும் என்று அவர் பெயரை வைத்திருந்தார்கள். குணமாகவில்லை. கடைசி நேரத்தில் அந்த இடத்துக்குச் சென் லூயியைக் கூப்பிட்டார்கள். போனார், தங்கமும் வாங்கினார். திரும்பி வந்து மார்ச் மாதமே தம்பாவை விட்டு நியூயோர்க் போய்விட்டார்.

அம்மா, 8:23
போகத்தான் வேண்டும். இரண்டாவது தடவையாக இலை போட்டு எழுப்பினால் யார் இருப்பார்கள்?

தங்கை, 8:25
ஆனால் கூப்பிட்டபோது போனார் அம்மா.

அம்மா, 8:31
உனக்குப் பதினொரு வயதில் ஹொக்கி அணித் தேர்வு நடந்ததே, நினைவிருக்கிறதா? அரங்கத்துக் கதவில் தாளை ஒட்டியிருந்தார்கள். பெயர் இல்லை, சட்டை எண்கள் மட்டும். உன் எண் 47. மேலிருந்து விரலை வைத்துப் பார்த்தேன். 44 இருந்தது, 46 இருந்தது, பிறகு 51. தாள் மடிந்திருக்கிறதோ என்று ஓரத்தைத் தூக்கியும் பார்த்தேன். கீழிருந்து மேலாக இன்னொரு முறை பார்த்தேன். நீ பின்னால் நின்று சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தாய். கயிறு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

தங்கை, 8:32
நினைவிருக்கிறது.

அம்மா, 8:33
மூன்று வாரம் கழித்து ஒரு பிள்ளை விலகியதும் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். நீ அதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போய்விட்டாய்.

பெரிய மாமா, 8:40
பெப்ரவரியில் தோமஸ் ஹார்லி இப்படித்தான் வந்தான். பட்டியலிலேயே இல்லாதவன். தியோடருக்குக் காயம், மகாருக்குக் காய்ச்சல் என்றதும் மொன்றியலுக்கு அழைத்தார்கள். இறுதி ஆட்டத்தில் மொரிஸி இல்லாமல் போக, மறுபடியும் அவனே இறங்கினான். இப்போது என் பட்டியலில் அவன் பெயரை யோசிக்காமல் எழுதினேன்.

தங்கை, 8:52
ஒரு முறைப்பாடு. பெண்கள் அணிக்கு ஏன் போட்டி இல்லை? அவர்கள் 23 பேர்தான், கணக்கும் இலகு. பூலான் 2010, 2014, 2022 என்று மூன்று ஒலிம்பிக் இறுதிகளில் வெற்றிக் கோல் அடித்தவர். 2014இல் அமெரிக்கா 2-1 என்று முன்னால் நிற்கிறது. ஓர் ஆளைக் கூட்டுவதற்காகக் கோல்காப்பாளரை எடுத்துவிட்டதால் நம் கோல் வாசல் காலியாக இருக்க, அவர்கள் தூரத்திலிருந்து அடித்த பக் கம்பத்தில் பட்டு விலகியது. ஒரு நிமிடம்கூட மீதி இல்லாதபோது பூலான் சமப்படுத்தினார், மேலதிக நேரத்தில் முடித்தும் வைத்தார். ஆண்கள் அணியில் அப்படி ஒருவர் இருந்தால் மாமாக்கள் வீட்டில் படம் மாட்டியிருப்பார்கள்.

சின்ன மாமா, 8:55
ஏற்றுக்கொள்கிறேன். அவர்கள் பட்டியல் ஜனவரியில் வருகிறது. அதற்கும் போட்டி. தோற்றவர் பிட்டு அவிக்க வேண்டும்.

நான், 9:20
கடைசி இடத்துக்கு வந்து நிற்கிறேன். ஆட்ட நாளில் 20 பேரும் இரண்டு கோல்காப்பாளர்களும்தான் சீருடை அணியலாம். மூவர் கோட்டு அணிந்து மேலே உட்கார வேண்டும். பெடார்ட்டைக் கொண்டு போய் மேலே உட்கார வைப்பதா, அல்லது கூப்பிட்டால் நான்கு நிமிடம் மட்டும் விளையாடிவிட்டு முணுமுணுக்காமல் இருக்கும் ஒருவரை எழுதுவதா? பெடார்ட்டுக்குத் தோளிலும் காயம். ஆனால் தங்கப் பதக்க ஆட்டம் சமநிலையானால் மேலதிக நேரம் மூவருக்கு மூவர், கோல் விழும்வரை. அங்கே வேகமும் கையும் உள்ளவன் வேண்டும்.

பெரிய மாமா, 9:26
ஒலிம்பிக் நடக்கும் மிலானோ அரங்கம் நம் அரங்கங்களைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் குறைவு. இடம் குறைந்தால் மோதல் கூடும். பெரிய உடம்புக்காரன் ஒருவனை எழுது.

நான், 9:27
ஒரு மீட்டருக்காகவா மாமா?

பெரிய மாமா, 9:27
உன் வீட்டுச் சமையலறை ஒரு மீட்டர் குறைந்தால் தெரியும்.

அம்மம்மா, 9:45
[குரல் பதிவு, 0:38]

சித்தி, 9:49
கேட்க முடியாதவர்களுக்காக எழுதுகிறேன். அம்மம்மா சொல்வது: குரோஸ்பிக்கு 38 வயது, இன்னும் ஓட விடுகிறீர்கள், பிள்ளைக்கு முழங்கால் வலிக்காதா? கூழுக்குப் பலாக்கொட்டை வாங்க ஒருவரும் மறக்க வேண்டாம். மற்றப்படி அவருடைய பட்டியல் பெரிய மாமாவின் பட்டியலேதான்.

சின்ன மாமா, 9:50
ஒருவர் பட்டியலை இன்னொருவர் பார்த்து எழுதக் கூடாது.

சித்தி, 9:51
அதை நீங்களே அம்மாவிடம் சொல்லுங்கள்.

சின்ன மாமா, 9:58
அனுமதிக்கப்படுகிறது.

சின்ன மாமா, 11:31
ஏழு பட்டியல் வந்துவிட்டது. அக்கா, உங்களுடையது மட்டும் பாக்கி.

அம்மா, 11:44
[படம்: கோடு போட்ட கொப்பித் தாள், நீல மை]

சின்ன மாமா, 11:47
எண்ணிப் பார்த்தேன். 24தான் இருக்கிறது. கடைசி வரியில் எண் 25 என்று போட்டு வெறுமனே விட்டிருக்கிறீர்கள்.

அம்மா, 11:49
யாருக்காவது கால் முறியும், காய்ச்சல் வரும். அப்போது கூப்பிட ஓர் இடம் வேண்டாமா?

சின்ன மாமா, 11:50
25 எழுதினாலும் காயம்பட்டவருக்குப் பதிலாக ஆள் எடுக்கலாம் அக்கா. வெற்றிடம் விட்டால் உங்களுக்கு ஒரு புள்ளி நட்டம், அவ்வளவுதான்.

நான், 11:52
அம்மா, எல்லார் பட்டியலிலும் மார்ஷாண்ட் இருக்கிறார். உங்களுடையதில் மட்டும் இல்லை. அதுதானே காரணம்?

அம்மா, 11:54
ஏழாவது ஆட்டத்தில் ஐந்து தடவை ரொறன்ரோவை வீட்டுக்கு அனுப்பியவன். அதைக்கூடப் பொறுப்பேன். எதிர் அணிக்காரன் முகத்தை நாக்கால் நக்கியவன். அதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

பெரிய மாமா, 11:55
அதெல்லாம் 2018. ஆள் இப்போது திருந்திவிட்டான். நாளை அவன் பெயர் நிச்சயம் வரும். நண்டு கழுவப்போகிறாய்.

சின்ன மாமா, 11:57
மூன்று நிமிடம்.

அம்மா, 11:59
சரி, அந்த இடத்தில் அவனைப் போட்டுக்கொள். ஆனால் நீ எழுது. என் கையால் எழுதமாட்டேன்.