அப்பாவின் மரவள்ளத்தை மூன்று வருடம் கரையில் வைக்க வேண்டும், எப்படி?

பாம்பன் பையன்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா தை மாதம் தவறிவிட்டார். அவர் விட்டுப்போனது 24 அடி மரவள்ளம். பலகை அயினி, உள்ளே விலா எலும்பு மாதிரி வரும் வங்கு எல்லாம் நாட்டுக்கருவேல், இரும்பு ஆணி. நான் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். தம்பி படிப்பை முடித்துவிட்டுத் தொழிலுக்கு வருகிறேன் என்கிறான், அதற்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. விற்கலாமா என்று கேட்டால் அம்மா அன்று முழுக்கப் பேசுவதில்லை.

வள்ளம் இப்போது வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு மணலில் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. இன்ஜினைக் கழற்றியாயிற்று. தார்ப்பாய் போட்டுச் சுற்றிக் கட்டு என்கிறார் ஒருவர். வெளியே ஃபைபர் ஒட்டிவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார் இன்னொருவர். பக்கத்து வீட்டு மாமாவோ, மரம் தண்ணீரில் கிடந்தால்தான் நல்லது, கடலிலேயே கட்டிப் போடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

ஓடாவி மகன்:
தம்பி, மூன்றுமே வேண்டாம்.

உப்புத் தண்ணீரில் மரம் சீக்கிரம் அழுகாது, மாமா சொல்வதில் அவ்வளவு உண்மை இருக்கிறது. ஆனால் கடலில் மரத்தைத் துளைத்துத் தின்னும் உளு விடுமா? அசையாமல் கிடக்கிற வள்ளத்தில் உளு இறங்கினால் வெளியே ஊசித் துளைதான் தெரியும், உள்ளே பலகை தேன்கூடாகியிருக்கும். அடிக்கடி கரையேற்றிக் காயப் போடுகிற வள்ளம் அதனால்தான் தப்பிக்கிறது.

ஃபைபர் விஷயம். மரம் ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். ஃபைபர் அப்படி அசையாது. ஒரு நாள் ஓரத்தில் பிரியும், இடையில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பலகையைத் தின்னும்.

தார்ப்பாய் பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். வள்ளம் கட்டும் ஓடாவியான என் அப்பா கட்டிய சின்ன வள்ளம் ஒன்றை ஐப்பசியில் இறுக்கிச் சுற்றிக் கட்டிவிட்டு வெளியூர் போனேன். மாசியில் வந்து அவிழ்த்தால் காளான் வாடை. தார்ப்பாயின் உள்பக்கம் வியர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது. வெளியே பெயிண்ட் பளபளவென்று அப்படியே இருக்கிறது. அமரத்துப் பக்கம், அதாவது பின்பக்கம், அடியில் முதுகெலும்பு மாதிரி ஓடும் ஏராக்கட்டையோடு பலகை சேருமிடத்தில் பேனாக்கத்தியை வைத்து அழுத்தினேன், பழுத்த பப்பாளியில் இறங்குகிற மாதிரி இரண்டு அங்குலம் இறங்கியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கத்தியை வாங்கித் துடைத்து மடித்து வைத்தார், அவ்வளவுதான்.

மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சை பிடிக்காது. அதற்குக் காற்றோட்டம் போதும். முதலில் வள்ளத்தை நிமிர்த்தி மணலிலிருந்து ஒன்றரை அடி தூக்கு. பாரம் முழுக்க ஏராக்கட்டை மேல்தான் நிற்க வேண்டும். நாலைந்து அடிக்கு ஒரு பனங்கட்டையைக் குறுக்கே கொடு, கட்டைக்கு அடியில் கல் வை. இல்லாவிட்டால் கறையான் பனங்கட்டை வழியாகவே ஏறிவிடும். பக்கத்தில் கொடுக்கும் முட்டு சாயாமல் பிடிப்பதற்கு மட்டும், வயிற்றை அழுத்தக் கூடாது. முன்பக்க அணியத்தைக் கொஞ்சம் உயர்த்தி, தண்ணீர் வடிய அமரத்திலிருக்கும் தக்கையைப் பிடுங்கிவிடு. மேலே கீற்றுக் கொட்டகை, வள்ளத்தைத் தொடாமல், இரண்டு முனையும் திறந்திருக்கட்டும்.

ரொம்பக் காய்ந்தாலும் கெடுதல். ஆனி ஆடியில் கச்சான் காற்று பலகையை வறுத்துவிடும். அந்த மாதங்களில் மேற்கே ஒரு ஓலைத்தட்டி கட்டு.

ஆலப்புழை வாசி:
இங்கே படகுப் போட்டிக்கான சுண்டன் வள்ளங்கள் வருடத்தில் பெரும்பகுதி கொட்டகையில்தான் இருக்கின்றன. மரமும் அதே அயினிதான், இங்கே ஆஞ்சிலி என்பார்கள். மீன் எண்ணெய் பூசுவது வழக்கம். ஒரு சந்தேகம் அண்ணே. தூக்கி வைக்குமுன் உள்ளே கடல் தண்ணீரால் கழுவி உப்பைத் தூவினால் பூஞ்சை வராது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், சரியா?

ஓடாவி மகன்:
செம்பு ஆணி என்றால் சரி. இவருடையது இரும்பு ஆணி. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், ஆணி துருப்பிடித்து ஊதி, சுற்றியுள்ள மரத்தைக் கறுக்க வைத்துப் பிளக்கும். இவர் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் இரண்டு மூன்று வாரம் காயவிட்டுப் பிறகு எண்ணெய் பூசட்டும். முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் கறையானுக்கும் ஆகாது, ஆனால் கையில் பட்டால் கொப்புளம் போடும். உறை மாட்டிக்கொள்ளுங்கள்.

பாம்பன் பையன்:
ரொம்ப நன்றி அண்ணே. போன வாரம் ஊருக்குப் போய்த் தூக்கி வைத்துவிட்டோம், ஆறு பேர் வந்தார்கள். இரண்டு விஷயம். பலகை இடுக்கு சில இடத்தில் ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவு விட்டிருக்கிறது, எம்-சீல் வைத்து அடைக்கலாமா? அப்புறம் தம்பி ஏராக்கட்டைக்கு அடியில் முனைக்கு முனை நூல் பிடித்தான். நடுவில் நூலுக்கும் கட்டைக்கும் முக்கால் அங்குலம் இடைவெளி.

ஓடாவி மகன்:
எம்-சீலை எடுத்து உள்ளே வை. காய்ந்திருக்கும்போது கெட்டியாக அடைத்தால், தண்ணீர் பட்டு உப்பும்போது பலகை போக இடமில்லாமல் ஆணியைப் பிடுங்கும், வங்கை உடைக்கும். கடலில் இறக்குமுன் ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு நனை, பாதி இடுக்கு தானே மூடிக்கொள்ளும். மிச்சத்துக்குப் பஞ்சும் குங்கிலியமும் வைத்துக் கலப்பத்து அடிக்க வேண்டும், அதாவது இடுக்கை அடைக்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு எல்லோரும் ஃபைபருக்குப் போய்விட்டதால் அதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். ஊரில் வயசான ஓடாவி யாராவது இருந்தால் தம்பியை இப்போதே கூடமாட நிற்கச் சொல்.

நூல் பிடித்தது நல்ல வேலை. என் அப்பா இந்த அளவைக் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார், ஆனால் சரிசெய்யக்கூடியதுதான். இரண்டு முனையும் தொங்கியிருக்கிறது. ஜாக்கி வைத்து ஒரே நாளில் தூக்கிவிடாதே, பலகை தெறிக்கும். முனைக் கட்டைகளுக்கு மேல் மெல்லிய ஆப்பு வைத்து வாரத்துக்கு ஒரு தட்டு, சத்தம் கேட்டால் நிறுத்திவிடு. அம்மாவிடம் சுத்தியலைக் கொடுத்துவிட்டுப் போ. ஐப்பசி மழைக்கு முன்னால் மறுபடி நூல் பிடித்து அளவைச் சொல்.