பூத்த படம் மட்டும் போடறது சரிங்களா? ஓரியாட்டம் இல்லாம பேசுவோம்

சுக்காங்கல்லு:
ஏனுங்க எல்லாரும் சௌக்கியமா. போன வாரம் நம்ம பூச்செடி குரூப்ல ஒரு அக்கா நீலக்கலர் ஹைட்ராஞ்சியா படம் போட்டாங்க, கொத்துக் கொத்தா நெம்ப அழகு, இல்லைன்னு சொல்லல. ஆனா கீழ "எங்க கெடைக்கும், என்ன வெல"ன்னு கேட்டவங்க ஊரைப் பாருங்க, காங்கயம், தாராபுரம், கரூர் பரமத்தி. பரமத்திங்க! வெய்யக்காலத்துல தமிழ்நாட்டுலயே எச்சா வெய்யல் அடிச்ச ஊரு எதுன்னு நியூஸ்ல வந்தா அடிக்கடி அந்தப் பேருதான் வருது, அங்க அந்தக் குளுரு ஊருச் செடி போயி என்ன பண்ணும். நாலு பேரு துருவிக் கேட்ட பொறவுதான் அந்தக்கா சொல்றாங்க, ஊட்டியில பூவோடயே வாங்குன தொட்டி, வாசல்ல வெச்சு எடுத்தேன்னு. அதனால நான் சொல்றது, படம் போட்டா கூடவே செடி எந்த ஊர்ல இருக்குது, வாங்கி எத்தன நாளாச்சு, என்ன தண்ணி ஊத்தறீங்க, இந்த மூணையும் எழுதோணும். போன்ல கலரை ஏத்தற பில்டர் போட்டிருந்தா அதையும் சொல்லோணும். அட்மின் இதை ரூலாவே போடலாம்.

பொடக்காணி ராணி:
அந்த அக்கா நாந்தானுங்க. பேரு சொல்லியே திட்டியிருக்கலாம். நான் எதையும் மறைக்கலீங்க, கேட்டாங்க சொன்னேன். நேரங்காலமே எந்திரிச்சு பாத்திரம் பண்டம், மாட்டு வேல, பசங்களை ஸ்கூலுக்குத் தாட்டி உட்டு, அதுக்கப்பறம் ஒரு அஞ்சு நிமிசம் தொட்டிகிட்ட நின்னு ஒரு படம் எடுத்தா அதுக்கும் ஃபாரம் எழுதிக் குடுக்கோணுமா. கல்யாண ஆல்பத்துல யாராச்சும் எச்ச இலை படத்தை ஒட்டி வெக்கறாங்களா?

மேக்காத்து:
அக்கா கோவிச்சுக்காதீங்க, ஆனா அண்ணன் சொல்றதுல வெசயம் இருக்குது. ஹைட்ராஞ்சியா நீலமா பூக்கறது செடியோட கையில மட்டும் இல்லீங்க, மண்ணு கையில. புளிப்பு மண்ணா இருந்தா, அதாவது பிஎச் (மண்ணோட புளிப்புக் கணக்கு, நம்பர் கொறைஞ்சா புளிப்பு எச்சு) 5.5க்கு கீழ, மண்ணுல இருக்கற அலுமினியத்தை வேரு இழுக்கும், பூ நீலமாகும். ஊட்டி குன்னூர் பக்கம் தேயில வெளையற மண்ணு அப்பிடி. நம்ம பக்கம் ரெண்டடி தோண்டுனா சுக்காங்கல்லு, அதாவது சுண்ணாம்பு (நம்ம அண்ணன் பேரே அதுதான்), பிஎச் 8ஐ ஒட்டி நிக்கும், பத்தாததுக்கு உப்பு போர் தண்ணி வேற. அதே செடியை இங்க வளத்துனா அடுத்த பூவு ரோஸ் கலர்ல வரும், அதுவும் செடி உசுரோட இருந்தா. படிகாரம் கரைச்சு ஊத்துனா கலரை இழுத்துப் புடிக்கலாம், வெய்யலை என்ன பண்ணுவீங்க. அப்பறம் ஆடிக்காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஜூன்ல தொடங்கி உடுமலை பல்லடம் பூரா அடிக்கற காத்துல கரண்டு எடுக்கற காத்தாடியே சுத்துதுங்க, மெல்லிசு எலை கிழிஞ்சு தொங்கிரும். உப்பில்லாத சிறுவாணி ஆத்துத் தண்ணி வர்ற ஊட்டுக்காரருக்கும் ஆயிரம் அடி போர் வெச்சிருக்கறவருக்கும் ஒரே படம் ஒரே ஆசையைக் காட்டுது பாருங்க, அதுதான் சிக்கல்.

மாடித்தொட்டி:
ரூலுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். நான் புதுசு, வெச்சிருக்கறதே ஒரு பட்டன் ரோஸும் ரெண்டு சங்குப்பூவும். மூணு கேள்விக்கு பதில் எழுதுன்னா பயந்துட்டு படமே போட மாட்டேன். பில்டர்னு சொல்றீங்க, நாம எங்கீங்க போடறோம், போன்ல பூவைக் காட்டுனாலே அதுவா கலரை ஏத்திக்குது. செகப்பு ரோஸை உச்சி வெய்யல்ல எடுத்துப் பாருங்க, இதழ் மடிப்பு ஒண்ணுமே தெரியாது, ஒரே செகப்புத் திட்டு. செம்பருத்தியும் அப்பிடித்தான். அதையே காலையில நெழல்ல வெச்சு, திரையில பூவைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் எறக்கி எடுத்தா மடிப்பு மடிப்பா வரும். இதைச் சொல்லிக் குடுத்தா படம் தானா நெசமாயிரும், ரூல் எதுக்கு.

சுக்காங்கல்லு:
தம்பி போன் ஏத்தற கலரை நான் சொல்லல. நீல ரோஸு, வானவில் ரோஸுன்னு விதை பாக்கெட் படம் சுத்துதே அதை என்ன சொல்றது. இந்தக் குரூப்லயே அந்தப் படத்தைப் போட்டு "இது நம்மூர்ல வருமா"ன்னு கேட்டு, ஆர்டரும் போட்டவங்க இருக்காங்க. ரோஸு இனத்துக்கு நீல நெறமியை உண்டாக்கற மரபணுவே கெடையாது. ஜப்பான்ல சன்டோரி கம்பெனி வேற பூவுல இருந்து மரபணுவை எடுத்து ரோஸுல ஏத்தி 2004ல அறிவிச்சு, 2009லதான் விக்கவே ஆரம்பிச்சாங்க, அதுவும் பாத்தா வெளிறுன ஊதா மாதிரிதான் இருக்கும். இங்க நூறு ரூவாய்க்கு அம்பது விதையாமா. ரோஸை விதை போட்டு அதே பூவு எடுக்க முடியாது, குச்சி வெக்கோணும் இல்ல ஒட்டு கட்டோணும், இது கோபியில மல்லி கட்டற பாட்டிக்கே தெரியும்.

பொடக்காணி ராணி:
விதை பாக்கெட்காரன் ஏமாத்துனதுக்கு நான் எப்பிடீங்க பொறுப்பு? என்ற படத்துல என்ற வாசல் தெரியுது, என்ற கட்டுத்தரை தெரியுது.

மூலனூர்க்காரன்:
நடுவுல பூர்றதுக்கு மன்னிக்கோணும். கலரு, தண்ணி அதெல்லாம் விடுங்க, செலதுக்கு எழுதித்தான் ஆகோணும். போன மாசம் ஒருத்தர் செங்காந்தள் படம் போட்டார், சின்னப் புள்ள பூவைப் பறிச்சு மூக்குகிட்ட வெச்சிருக்குது, கீழ அம்பது ஹார்ட்டு. நம்ம மாநிலப் பூவு, சரி. எங்க பக்கம் அதை கண்வலிக்கெழங்குன்னு சொல்லி ஏக்கர் கணக்குல போடறோம், பந்தல் கட்டி ஏத்தி, பூக்கற சமயத்துல காலையில போயி ஒவ்வொரு பூவா மகரந்தத்தைத் தொட்டு வெச்சு, விதைக்காக. அந்த விதையில கோல்சிசின்னு ஒரு சரக்கு இருக்குது, மருந்துக்குப் போகுது. ஆனா கெழங்கு, விதை, பூவுன்னு அதுல எல்லாமே விசந்தான், கெழங்கைத் தின்னா உசுரு போயிரும். அரளியும், அடீனியம் செடியில வடியற பாலும் விசம். அந்தப் படத்துக்குக் கீழ ஒரு வரி எழுதாதது தப்புதானுங்க, இதுல என்ன ரெண்டு பேச்சு.

மாடித்தொட்டி:
அண்ணா விசச்செடிக்கு எழுதோணும்கறதுக்கு நானும் கை தூக்கறேன். அதை வெச்சுட்டு எல்லாத்துக்கும் ரூல் கொண்டாராதீங்க.

மேக்காத்து:
விசம் மட்டும் இல்லீங்க. மார்கழியில குண்டு குண்டா சாமந்தித் தொட்டி படம் வருதே, அதெல்லாம் குட்டையா நிக்கறதுக்கு நர்சரியில மருந்து குடுத்து வளத்தறாங்க. அடுத்த வருசம் அதே செடி முழங்காலுக்கு மேல போயி சாயும், பூவும் கம்மி. அப்பறம் சாமந்திக்கு ராத்திரி நீளமாகோணும், அப்பத்தான் மொட்டு வெக்கும், ஊட்டு முன்னால தெருவிளக்கு விடிய விடிய எரிஞ்சா மொட்டே வராம நிக்கும். படத்தைப் பாத்து வாங்குனவங்க என்ற கை ராசியில்லைன்னு வெசனப்படறாங்க, இதை நான் என்ற சின்னம்மாகிட்டயே பாத்தேன். "நர்சரியில பூத்தது"ன்னு ஒரு வார்த்தை போட்டா அவங்க வெசனப்படவே தேவையில்ல. அவ்வளவுதான் கேக்கறோம்.

பொடக்காணி ராணி:
நீங்க எல்லாரும் இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கீங்க, சந்தோசம். இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். ரெண்டு மாசத்துக்கு முன்னால ரோஸுக் குச்சி நுனியில இருந்து கருகிக் கீழ எறங்குதுன்னு படம் போட்டேன். ஊரு எழுதுனேன், போர் தண்ணின்னு எழுதுனேன், வாங்கி ஒரு வருசம்னு எழுதுனேன். நீங்க கேக்கற மூணும் இருந்துச்சு. சுக்காங்கல்லு அண்ணா, நீங்க வந்தீங்களா? மேக்காத்து தம்பி வந்தீங்களா? ஒருத்தரும் எட்டிக்கூடப் பாக்கல. ஹைட்ராஞ்சியா போட்டதும் எல்லாரும் வந்துட்டீங்க. பூத்த படத்துக்குத்தான் கூட்டம் வருதுன்னா நான் பூத்ததைத்தான் போடுவேன், கருகுனதை எதுக்கு போடோணும்.

சுக்காங்கல்லு:
அந்தப் படம் என்ற கண்ணுல படலீங்க. ஆனா இது வேற, அது வேற. கருகுனதுக்கு யாரும் வரலைங்கறதால பூத்ததுல பாதியைச் சொல்லாம உடலாம்னு ஆகிருமா?

மாடித்தொட்டி:
வேற இல்லீங்கண்ணா, ரெண்டும் ஒண்ணுதான். ரூல் போடறதுக்கு முன்னால வாடுன படத்துக்கு பதில் எழுதற பழக்கம் வரட்டும். எனக்கு அக்கா பக்கம்தான்.

மேக்காத்து:
சரி, லேட்டானாலும் சொல்றேன். நுனிக்கருகல் அது. கருப்பு எங்க முடியுதோ அதுக்கும் கீழ பச்சையா இருக்கற எடத்துல, ஒரு கணுவுக்கு மேல சாய்வா வெட்டுங்க. வெட்டு வாயில உள்ள பழுப்பு தெரிஞ்சா இன்னும் கீழ எறக்கி வெட்டோணும், வெள்ளையா தெரியற வரைக்கும். அங்க போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது), இல்லைன்னா காப்பர் ஆக்ஸி குளோரைடுங்கற பூஞ்சை மருந்தைக் கெட்டியாக் கொழைச்சுத் தடவுங்க. கத்தரியைத் தொடைச்சுட்டு அடுத்த குச்சிக்குப் போங்க. வெட்டுன குச்சியைத் தொட்டியிலயே போட்டுராதீங்க.

பொடக்காணி ராணி:
நன்றிங்க தம்பி. பொழுதோட வெட்டறேன். துளுத்துதுன்னா படம் போடறேன், என்ன தண்ணி ஊத்துனேன்னு மட்டும் எழுத மாட்டேன்.